ஹீட் கன் வாங்கப் போகிறீர்களா?

கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாமான் கேட்டு வருபவருக்கு விலையைச் சொல்வோம். என்ன வேலைக்கு என்று கேட்க மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன், முச்சக்கர வண்டிகளுக்கு குஷன் அடிக்கும் ஒரு தம்பி கருகிப்போன பிளக் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கும் வரை.

"நாநா, நீங்க தந்த ஹீட் கன்தான் இப்படிச் செஞ்சது" என்றார்.

கன்னில் பிழை இல்லை. அது 2000 வொட்ஸ். நமது 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். அவரோ 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்துப் பாவித்திருக்கிறார். பக்கத்தில் ரெக்சின் ரோல்கள், ஸ்பொன்ஞ், மூடாத பசை டின். அந்தப் பசையிலிருந்து வரும் ஆவி இலகுவில் தீப்பற்றக் கூடியது. மணம் பிடித்து ஓடிவந்து கழற்றியதால் கடை தப்பியது. விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. பிழையில் பாதி என்னுடையது.

ஹீட் கன் பார்வைக்கு முடி உலர்த்தும் ட்ரையர் போல இருக்கும். ஆனால் இதன் வாயிலிருந்து வரும் காற்று 500, 600 பாகை செல்சியஸ் வரை போகும். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வொட்ஸ்?" என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு: வெப்பத்தை எவ்வளவு குறைக்கலாம்? விலை குறைந்தவற்றில் இரண்டு நிலை மட்டும் இருக்கும். தாழ்ந்த நிலையே 300 பாகை அளவில் நிற்கும். பழைய பெயின்ட் உரிக்கவும், துருப்பிடித்த நட்டை இளக்கவும் அது போதும். வயர் மூட்டில் போடும் சுருங்கு குழாய்க்கு 120 பாகை அளவே தேவை. பீ.வீ.சி. பைப் 80 பாகையிலேயே இளகத் தொடங்கும். கூடினால் பழுப்பு நிறமாகி, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் அமிலப் புகையைக் கக்கும். ரெக்சினில் சுருக்கம் எடுப்பவருக்கும் டயல் வைத்த கன்தான் சரி. கூடக் கொடுக்கும் காசு ஒரு ரோல் ரெக்சின் பாழாகாமல் இருந்தாலே திரும்பி வந்துவிடும்.

ஜப்பான் பாவித்த சாமான்களில் மலிவாகக் கண்டு ஆசைப்படுபவர்கள் பின்னால் உள்ள தகட்டை வாசியுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். அந்தக் கன்னை நமது பிளக்கில் நேரே மாட்டினால் கம்பிச்சுருளில் ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் ஏறும். மறு நிமிடம் குப்பைக்குத்தான்.

பாவிப்பதில் எல்லோரும் விடும் பிழை ஒன்று: வேலை முடிந்ததும் படாரென்று பிளக்கைக் கழற்றுவது. விசிறி நின்றுவிடும், உள்ளே சூடு அப்படியே தங்கும், கம்பிச்சுருளைத் தாங்கும் பீங்கான் வெடிக்கும். தாழ்ந்த நிலையில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, வாயை மேல்நோக்கி நிறுத்தி வையுங்கள். கண்ணாடிக்குக் கிட்ட ஒரே இடத்தில் பிடிக்காதீர்கள், வெடிக்கும். பழைய வீட்டுக் கதவுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். புகை வருமளவுக்குச் சூடாக்காமல், இளகியதும் சுரண்டி எடுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

அந்தத் தம்பி பிறகு 13 அம்பியர் பொயின்ட் ஒன்று அடித்து, டயல் கன் வாங்கிப் போனார். பழையதை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். இப்போது ஹீட் கன் கேட்டு வருபவரிடம் வேலை என்ன, பிளக் என்ன என்று விசாரிக்கிறேன். "விலையைச் சொல்லுங்க நாநா" என்று முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும்.