நிழல் விழாத அடுக்களை



விளக்கின் அடியில் இருள் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அகல் விளக்குப் போய் மின்விளக்கு வந்த பின்னரும் அவ்விருள் நம் வீடுகளை முற்றும் விட்டு அகலவில்லை. சமைப்பவரின் கைகளுக்கு முன்னே அது வந்து அமர்ந்திருக்கிறது. அதனை அகற்றும் எளிய வழி ஒன்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே வாழ்ந்து வருகிறோம். சாமை இம்மலையில் பெயர்பெற்ற தானியம். அதில் கலந்த சிறு கல்லைக் கண்டு பொறுக்குவது கண்ணுக்குக் கடும் வேலை. ஓரிரவு உணவில் அகப்பட்ட கல்லால் என் பல்லொன்று உடைந்தது. "இனி இந்த வேலைக்கு நான் உதவமாட்டேன்; என் கண் போய்விட்டது" என்று மனைவி மனம் நொந்து கூறினாள். அச்சொல் என்னைச் சுட்டது. கூரை நடுவில் பெரிய விளக்கொன்றை மாட்டினேன், பயனில்லை. மறுநாள் மாலை மேடை முன் நானே முறத்துடன் நின்றபோதுதான் காரணம் புலனாயிற்று. விளக்கு என் முதுகுக்குப் பின்னே இருந்தது. முறம் என் நிழலுக்குள் இருந்தது!

வகுப்பில் படித்த ஒளியியலை நினைவுகூருங்கள். சிறிய விளக்கொன்றின் தூரம் பாதியாகக் குறைந்தால், நேரே விழும் ஒளியின் செறிவு நான்கு மடங்காகும். ஆகவே மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்புறத்தில் சிறு விளக்கை அமைத்தால் வெளிச்சமும் மிகும், நிழலும் நீங்கும்.

இதற்கு உகந்தது எல்.இ.டி. பட்டை. குண்டு பல்பில் இழை சூடேறி ஒளிர்வதால் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிகிறது. எல்.இ.டி.யிலோ குறைகடத்தியினுள் எலெக்ட்ரான்கள் ஆற்றல் நிலை இறங்கும்போது ஒளி பிறக்கிறது. நீல எல்.இ.டி. உருவானதால்தான் வெள்ளொளி தரும் சிக்கன விளக்குகள் இயன்றன. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்புக்கு 30 நாளில் 7.2 யூனிட் செலவாகும். 10 வாட் பட்டைக்கு 1.2 யூனிட் போதும்.

அமைக்கும் முறையைக் கேளுங்கள். பட்டையை அலமாரி அடியின் முன்விளிம்பை ஒட்டி, சுவரை நோக்கிச் சற்றே சாய்வாகப் பொருத்த வேண்டும். அப்போதுதான் ஒளி கைக்கு முன்னே விழும், கண்ணைக் கூசாது. எல்.இ.டி.யும் ஓரளவு சூடாகும். அச்சூட்டை வெளியேற்ற அலுமினியச் சட்டம் வேண்டும். அதன்மேல் பால்நிற மூடி இருப்பின் ஒளி சீராகப் பரவும். பட்டையைக் குறியிட்ட இடத்தில் மட்டுமே வெட்டலாம். 12 வோல்ட்டுப் பட்டையை 230 வோல்ட்டு மின்சாரத்தில் நேரே இணைக்கலாகாது. இடையே உரிய அடாப்டர் வேண்டும். அதனை அடுப்பின் ஆவியும் குழாய் நீரும் எட்டாத இடத்தில் வையுங்கள். மின் இணைப்பைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

இம்மலையிலேயே இதற்கு இன்னொரு பாடமும் உண்டு. காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வுக் கூடத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி பணியாற்றுகிறது. இருண்ட வானமே அதன் செல்வம். தெருவிலும் முற்றத்திலும் மேல்நோக்கிச் சிதறும் ஒளி அச்செல்வத்தைக் கரைக்கும். நீலம் மிகுந்த ஒளி காற்றில் இன்னும் அதிகமாய்ச் சிதறும். எனவே வெளிவிளக்குகளுக்கு மேல்மூடி இடுவதும், இளமஞ்சள் ஒளியைத் தேர்வதும் நன்று. அடுக்களைக்கும் வானத்துக்கும் விதி ஒன்றே: ஒளி வேலை நடக்கும் இடத்தில் விழவேண்டும்.

என் மனைவி மீண்டும் தானே கல் பொறுக்குகிறாள். இன்று மாலை உங்கள் வீட்டு அடுக்களையில், சமைப்பவர் நிற்கும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். அவர் கைகளின்மேல் யாருடைய நிழல் விழுகிறது? அதைக் கண்டறிவதே உங்கள் முதற் பாடம்.