வாய் திறக்கப் பயந்த குடும்பம்

2025 மே மாதம் திரையரங்குகளிலும் ஜூனில் ஜியோ ஹாட்ஸ்டாரிலும் வந்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்தின் முதற் படம். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறும் ஒரு குடும்பம் இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒளித்து வாழ்கிறது. எங்கள் தமிழில் கதைத்தால் பிடிபடலாம். ஆகவே அயலவரோடு கதைக்கவே கூடாதென்று கட்டளை. புதிதாக வந்திறங்கிய எம்மவருக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. 2000இல் ‘தெனாலி’யில் கமல் எங்கள் தமிழைச் சிரிப்புக்காகப் பேசினார்; இங்கே அது மறைக்கவேண்டிய பொருளாகிறது.

சசிகுமாரின் பேச்சில் இடைக்கிடை மதுரை எட்டிப் பார்க்கிறது. சின்ன மகன் கமலேஷின் குறும்பு அதை மறக்கடிக்கிறது. தெருவே நல்லவர்களாக மாறுவதுதான் கொஞ்சம் கூடிப்போயிற்று.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ வேறு ரகம். பிரெஞ்சு இயக்குநர் யாக் ஓடியார்டின் படம். இறந்தவர்களின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர் குடும்பமாக நடித்து பிரான்ஸ் வருகிறார்கள். நாயகன் எழுத்தாளர் ஷோபாசக்தி; தாமே அகதியாக அங்கு வந்தவர். அவர் பேச்சில் ஒட்டுவேலை இல்லை. முடிவில் வரும் துப்பாக்கிச் சண்டைதான் எமக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகளோடு முதற் படத்தைப் பாருங்கள். ‘தீபன்’ அவர்கள் உறங்கிய பின்.