ஜெல் போதாது, சோப்பு வேண்டும்

கீமோ முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் பிள்ளைகளுக்கு வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு வந்துவிடும். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் இதை 'கவுன்ட் இறங்கிடுச்சு' என்போம். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் நர்ஸ்கள் நாங்கள் ஓட ஆரம்பித்துவிடுவோம். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாக வேண்டும். பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம், நிலைமை மோசமென்றால் மெரோபெனம். தாமதித்தால், புற்றுநோயைத் தாங்கி நின்ற குழந்தையைக் காய்ச்சல் கொண்டுபோய்விடும். அந்த முதல் டோஸ் விஷயத்தில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு உருவாக்கிய மருந்தைக் கொண்டுதான் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்குக் கொஞ்ச காலமாவது நோய் தணிந்தது. இதைப் பற்றி ஃபார்பர் எழுதிய கட்டுரை வெளிவந்த அதே 1948-ல், அதே ஆய்வகத்திலிருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வெளிவந்தது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். புற்றுநோய் மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

ஆனால் காய்ச்சலுக்கு ஏற்றும் ஆன்டிபயாடிக் குடலில் செய்கிற வேலையையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டு, பிள்ளை இட்லி கேட்கத் தொடங்கும் நேரம் பார்த்து, "சிஸ்டர், காலையிலேர்ந்து நாலு தடவை போயிட்டான். தண்ணியா போகுது, வாடையும் ஒரு மாதிரியா இருக்கு" என்று அம்மா வந்து நிற்பார். குடலில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் மருந்து சேர்த்தே அழித்திருக்கும். காலி மனையில் சீமைக்கருவேலம் ஏறுகிற மாதிரி, அங்கே 'சி. டிஃபிசில்' என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். பெருங்குடல் புண்ணாகும். பேதி, வயிற்று வலி, மறுபடியும் காய்ச்சல். அடுத்த கீமோ தள்ளிப்போகும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

எல்லாப் பேதிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. வின்கிரிஸ்டின் போட்ட பிள்ளைக்கு மலச்சிக்கல் வரும் என்று கொடுத்த சிரப்பே காரணமாக இருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் வாயைப் போலவே குடலையும் புண்ணாக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே இந்தக் கிருமி வயிற்றில் இருக்கும். அதனால் 24 மணி நேரத்தில் மூன்று முறையாவது தண்ணீராகப் போனால்தான், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள்.

சி. டிஃபிசில்தான் என்று தெரிந்தால் கொடுக்கும் மருந்துகளில் வாங்கோமைசின் ஒன்று. நரம்பில் ஏற்றுகிற அதே குப்பிதான். நான் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் எடுத்து வாயில் ஊற்றும்போது, "என்ன சிஸ்டர், ஊசி மருந்தைக் குடிக்கக் கொடுக்கறீங்க?" என்று அம்மாக்கள் பதறுவார்கள். நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. வாய் வழியாகக் கொடுத்தால் ரத்தத்தில் அதிகம் கலக்காமல் குடலிலேயே தங்கி வேலை செய்யும். இதைச் சொன்ன பிறகு, பிள்ளை துப்பினால்கூட விடாமல் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கிருமி 'ஸ்போர்' என்ற தடித்த உறைக்குள் அடங்கி, கட்டில் கம்பியிலும் ட்ரிப்ஸ் ஸ்டாண்டிலும் பாத்ரூம் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஆல்கஹால் ஜெல்லுக்கு அது சாகாது. சோப்பு போட்டு, நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். டயப்பரை மாற்றிவிட்டு ஜெல்லைத் தடவிக்கொண்டு, அடுத்த கட்டில் பிள்ளைக்குப் பாசத்தோடு பிஸ்கட் நீட்டுகிற அம்மாவைத் தடுக்கும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும். ஆனாலும் தடுப்பேன். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும் செல்போனும் பாத்ரூமுக்குள் போகக் கூடாது. தரையையும் கட்டிலையும் ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீரால் துடைக்கச் சொல்வதும் இந்த ஸ்போருக்காகத்தான். வாசனைத் திரவம் இதற்கு ஆகாது.

காய்ச்சலுக்குத் தொடங்கிய ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்துவது என்பதில்தான் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் இழுபறி. 48 மணி நேரம் ஆகியும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆயிற்று, கவுன்ட்டும் ஏறத் தொடங்கிவிட்டது என்றால் நிறுத்தலாம் என்பதே சர்வதேச வழிகாட்டுதல். "எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் போடச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுகிற அப்பாக்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேவையில்லாமல் ஏறும் ஒவ்வொரு டோஸும் குடலைத்தான் அரிக்கும். மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளையும் அங்கே வளர்த்துவிடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு மெடிக்கல் ஷாப்பில் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுப்பது இன்னொரு தொல்லை. 2014 முதல் அது எச்-1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தால் மாத்திரை எதுவும் கொடுத்துப் பார்க்காமல், ராத்திரி ஆனாலும் வார்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். அட்மிட் ஆகியிருந்தால் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்ச்சர் ரிசல்ட் என்ன வந்தது, இந்த ஆன்டிபயாடிக் எந்த நாள் வரைக்கும்?