புதுப்பித்த பழைய வண்டி நடுவழியில் நிற்பதேன்?

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்த புகழுடையது. அதனை ஆண்டுக்கணக்காக உழைத்துப் புதுப்பித்தோர் பலர், முதல் ஓட்டத்திலேயே மனமுடைந்துபோவதுண்டு. வர்ணம் கண்ணைப் பறிக்கிறது, எஞ்சினோ அசையவில்லை. அசைந்தாலும் இரண்டு மைல் ஓடி நின்றுவிடுகிறது. முதுமையின் குற்றமென்று பழிப்பது எளிது. ஆனால், இத்தகைய பழுதுகளிற் பல, புதுப்பித்த கைகளே அறியாது விட்டுச் சென்றவை.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். பற்றறியிலிருந்து விளக்குக்குக் கம்பி செல்கிறது. திரும்பி வரும் வழி பெரும்பாலும் வண்டியின் உருக்கு உடலேயாகும். அவ்வுடலுக்குப் புது வர்ணம் தடிப்பாகப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. விளக்கு மங்குவதும், ஒரு விளக்கை ஏற்ற மற்றொன்று துடிப்பதும் இதன் அடையாளங்கள். திருகாணி பொருந்துமிடத்தை உலோகம் மின்னும்வரை சுரண்டிப் பூட்டினால் போதும். எஞ்சின் இறப்பர் மீது அமர்ந்திருப்பதால், அதனை உடலுடன் இணைக்கும் தடித்த கம்பியை மறந்துவிடலாகாது. மறந்தால், எஞ்சினைச் சுழற்றும் பெரும் மின்னோட்டம் சோக் கம்பி போன்ற மெல்லிய வழிகளைத் தேடும். அக்கம்பி கொதித்துப் புகையும். 1967 வரை வந்த இவ்வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைந்திருந்தது. இக்கால வானொலிப் பெட்டியை ஆராயாமற் பொருத்துவோர் பாட்டுக் கேட்கமாட்டார். கருகல் மணமே எஞ்சும்.

அடுத்தது பெற்றோல். திறப்பைத் திருப்பியதும், பின்புறத்துப் பம்பி 'டிக், டிக்' என விரைவாக ஒலித்து, காபுரேற்றர்களின் மிதவைக் கிண்ணங்கள் நிறைந்ததும் அடங்கவேண்டும். ஒலியே இல்லையெனில் மின்சாரம் எட்டவில்லை, அல்லது நெடுநாள் ஓய்வினாற் பம்பியின் தொடுமுனைகள் கறுத்துவிட்டன. ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமை, குழாயிற் காற்றுப் புகுதல், கிண்ணம் நிரம்பி வழிதல் ஆகியவற்றுள் ஒன்று. இறுதியானதே ஆபத்து. இவ்வெஞ்சினிற் காபுரேற்றர்களுக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய் செல்கிறது. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய வகை இறப்பர்க் குழாய்கள் அதற்கு ஈடுகொடாமல் வெடிக்கின்றன. பெற்றோல் மணம் வந்தால் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டும்.

குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுமாயின், கொண்டென்சரை ஐயுறலாம். புதிதாய் வாங்கியதுதானே என்று அதனை விட்டுவிடுவோர் வேறெல்லாவற்றையும் மாற்றித் திரிவர். கழற்றிய பழையதை எறியாமல் வைத்திருப்பவர், அதனைத் திரும்பப் பூட்டிப் பத்து நிமிடத்தில் உண்மை காண்பார். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்ததென்பது தெரியாது.

பிறேக்கை மட்டும் தெருவிலே சோதிக்கலாகாது. மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயிற் காற்றுண்டு. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அழுத்தத்தை விடாது பிடித்திருக்கலாம். வெளியே அக்குழாய் புதிதுபோலவே தோன்றும்.