ஒரு சாவி ஒரே ஒரு செய்திக்கு

வங்கிக்கு நீங்கள் கைப்பேசி வழியே அனுப்பும் செய்தி பல கணிப்பொறிகளைக் கடந்து செல்கிறது. வழியில் எவரேனும் அதைப் படித்துவிட்டால்? படிக்க முடியாவிட்டாலும், அதில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டால்? இக்கேள்விகளுக்கு விடை தேடும் துறையே தகவல் பாதுகாப்பு.

இதன் அடிப்படையைக் கற்க நீண்ட பட்டப்படிப்புதான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் போனே 2012-ஆம் ஆண்டில் கோர்சரா என்னும் இணையத்தளத்தின் வழியே சங்கேதவியல் பற்றிய ஆறு வாரப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். அத்தகைய குறுகிய பாடம் எதைக் கற்பிக்கிறது? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சில கணக்குகளைப் போட்டே பார்த்துவிடலாம்.

உடைக்க முடியாத சங்கேதம்

நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி 472 என்னும் எண் என்று கொள்வோம். உங்களுக்கும் நண்பருக்கும் மட்டுமே தெரிந்த சாவி எண் 958. ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே கூட்டி, பத்தாம் இடத்தை விட்டுவிடுங்கள். 4-உம் 9-உம் 13, எனவே 3. 7-உம் 5-உம் 12, எனவே 2. 2-உம் 8-உம் 10, எனவே 0. நீங்கள் அனுப்புவது 320. நண்பர் சாவியை இலக்கம் இலக்கமாகக் கழித்து, தேவையான இடத்தில் 10 கடன் வாங்கி, 472-ஐ மீட்டுக்கொள்வார்.

320 திருடன் கையில் கிடைத்தால் அவனுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! சாவி 219 என்றால் செய்தி 111 ஆகிவிடும். இப்படி 000 முதல் 999 வரை எந்தச் செய்திக்கும் ஏற்ற ஒரு சாவி உண்டு. எத்தனை வேகமான கணிப்பொறி இருந்தும் பயனில்லை. 1917-இல் அமெரிக்கப் பொறியாளர் கில்பர்ட் வெர்னம் தந்தி எந்திரங்களுக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. இதனை உடைக்கவே முடியாது என்பதற்குக் கிளாட் ஷானன் 1949-இல் கணித நிரூபணத்தை வெளியிட்டார். ஆனால் நிபந்தனைகள் மூன்று: சாவி செய்தியின் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும், எந்த ஒழுங்கும் இல்லாத எண்களால் ஆகியிருக்க வேண்டும், ஒரே ஒரு முறைதான் பயன்பட வேண்டும்.

மூன்றாவதை மீறினால்?

அதே 958 சாவியால் 492 என்ற இன்னொரு செய்தியையும் அனுப்புங்கள். 340 வரும். இப்போது திருடன் இரண்டு சங்கேதங்களையும் கழிக்கிறான். 340-இலிருந்து 320 போனால் 020. சாவி இருபுறமும் இருந்ததால் அடிபட்டுப் போயிற்று! இரு செய்திகளிலும் முதல், கடைசி இலக்கங்கள் ஒன்றே, நடு இலக்கம் மட்டும் 2 கூடுதல் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செய்தியை ஊகித்தால் மற்றதும் கையில்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் சாவித் தாள்கள் சில இரண்டு படிகளாக அச்சிடப்பட்டுவிட்டன. 1943-இல் அமெரிக்கா தொடங்கிய வெனோனா என்னும் இரகசியத் திட்டம் இந்த ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 3,000 செய்திகளை முழுமையாகவோ பகுதியாகவோ படித்தது. போனே தம் மாணவருக்குத் தரும் முதல் பயிற்சியும் இதுவே: ஒரே சாவியால் மறைத்த 11 சங்கேதங்களைக் கொடுத்து, கடைசிச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

மறைத்தால் மட்டும் போதாது

இன்னொரு விந்தை. 472 ரூபாய் என்பதைக் குறிக்கும் 320-ஐத் திருடன் படிக்க முடியாது. ஆனால் முதல் இலக்கத்தோடு 5 கூட்டி 820 என்று மாற்றி அனுப்பிவிட்டால்? நண்பர் சாவியைக் கழித்துப் பார்ப்பார். 972 என்று வரும். ஐயமே எழாது! ஆகவே இரகசியம் வேறு, செய்தி மாறாதிருத்தல் வேறு. மூன்றாம் வாரப் பாடம் முழுவதும் இந்த இரண்டாவது தேவையைப் பற்றியதே.

இனி, சாவியை முன்பின் அறியாத ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது? 1976-இல் அதே ஸ்டான்ஃபோர்டில் டிஃபி, ஹெல்மன் இருவரும் கண்ட வழி இது. 11, 2 என்னும் எண்கள் ஊரறிந்தவை. கண்ணன் 3 என்று மனத்தில் நினைத்து, 2-இன் 3-ஆம் அடுக்கான 8-ஐ அனுப்புகிறான். மாலதி 4 என்று நினைத்து, 2-இன் 4-ஆம் அடுக்கான 16-ஐ 11-ஆல் வகுத்து, மீதி 5-ஐ அனுப்புகிறாள். கண்ணன் 5-இன் 3-ஆம் அடுக்கான 125-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 4. மாலதி 8-இன் 4-ஆம் அடுக்கான 4096-ஐ வகுத்தாலும் மீதி 4. இருவருக்கும் பொதுச் சாவி கிடைத்துவிட்டது. அது வழியில் செல்லவே இல்லை. 11-க்குப் பதில் அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட தக்க பகா எண்ணை எடுத்தால், 8, 5 போன்ற மீதிகளிலிருந்து 3, 4 போன்ற அடுக்குகளைக் கண்டுபிடிக்க இன்றைய கணிப்பொறிகளுக்கு ஆகாது. ஐந்தாம் வாரத்தில் இது வருகிறது.

யார் கற்கலாம்?

இதுவரை நீங்கள் போட்ட கணக்குகளைப் பாருங்கள்: கூட்டல், கழித்தல், அடுக்கு, மீதி. இவற்றோடு சிறிது நிகழ்தகவும் சேர்ந்தால் பாடத்தைத் தொடங்கிவிடலாம். விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆனால் மீதி காண்பதற்கு மொழி ஏது? தமிழ்வழி பயின்றவர் முதலில் இத்தகைய சிறு எண்களைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு விரிவுரையைக் கேட்டால், கருத்து முன்னே நிற்கும்; சொற்கள் பின்னே வரும்.

ஆறு வாரத்தில் எவரும் வல்லுநர் ஆகிவிடுவதில்லை. சொந்தமாகச் சங்கேத முறை புனைந்து பயன்படுத்தாதீர்கள் என்பது அப்பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை. நிரூபணம் பெற்ற முறையே ஒரு தவறான பயன்பாட்டால் வீழ்வதை நாம் இப்போதுதான் கண்டோம். பூட்டு எவ்வளவு வலிது என்பதைவிட, சாவியை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதே பெரிது.

மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறீர்களா? அங்கே கணக்கு வேறு. ஆயினும் பாடம் ஒன்றே. ஓரிடத்தில் களவு போனால் இரண்டும் போகும். பாடத்தில் சேர்வதற்கு முன்பே இன்று அதை மாற்றிவிடலாம் அல்லவா?