உஷார்! புது ஓவனில் கேக் வைக்கும் முன் சுவரைப் பாருங்கள்

அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு ஓவனை பிளக்கில் சொருகாதீர்கள். பிள்ளைகள் கேக் கேட்டு அடம்பிடித்தாலும் சரி, இன்றைக்கு வேண்டாம். ஓவனுக்குள் இருக்கும் ஆபத்தைவிட உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் ஆபத்து பெரிது.

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மூல வைகையை ஒட்டிய ஊர்களில் பழைய ஓட்டு வீடு, தொகுப்பு வீடு, காலனி வீடு எல்லாவற்றிலும் ஒயர் இழுத்தபோது கணக்கில் இருந்தவை நாலு லைட்டும் ஒரு ஃபேனும்தான். பிறகு டிவி வந்தது. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வந்தன. அதே ஒயர் அவற்றையும் தாங்கியது. அந்தத் தைரியத்தில்தான் இப்போது ஓவனையும் சொருகுகிறோம். மிக்சி எடுப்பது சில நூறு வாட், அதுவும் சட்னி அரைக்கிற சில நிமிடம். ஓவன் 1500 வாட், 2000 வாட் இழுக்கும், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடும். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் வைத்த சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. கணக்கு முதல் நிமிடத்திலேயே இடிக்கிறது. சுவருக்குள் ஒயரின் மேல்தோல் மெல்ல மெல்ல இளகும். வெளியே ஒன்றுமே தெரியாது.

மைக்ரோவேவ் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரத்தில் 800 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200, 1300 வாட் வரை வரும். பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள், அங்கேதான் உண்மை எழுதியிருக்கும்.

ஓவனோடு வரும் பிளக் பெரும்பாலும் தடித்த மூன்று முள் கொண்ட 16 ஆம்பியர் பிளக். அது சின்ன பாயிண்டில் நுழையவில்லை என்றதும் கடையில் போய் ஒரு கன்வெர்ட்டர் பிளக் வாங்கி மாட்டிவிடுகிறோம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நுழையாதபடி செய்து வைத்திருப்பதே நம் பாதுகாப்புக்காகத்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. பியூஸ் போய்விட்டால் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னும் கொடியது. பியூஸ் கம்பி உருகினால்தான் வீடு தப்பும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியிலிருந்து ஓவனுக்கென்றே தனியாக 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர் இழுத்து, லோடு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்சுடன் பவர் பிளக் வைக்கச் சொல்லுங்கள். வந்த ஆளிடமே எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது, பின்னால் ஒயரே இருக்காது. ஓவனைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சமைப்பது தற்கொலைக்குச் சமம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயினில் இருந்தால் கசிவு வந்த கணத்தில் கரண்டை அறுத்துவிடும். ஒரு விளக்கு இலவச இணைப்பில் இருக்கும் குடிசை வீட்டில் ஓவன் பேச்சே வேண்டாம்.

அடுத்தது முதல் நாள் சூடேற்றுவது. இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கம்பி சிவந்து சூடாகும் ஓ.டி.ஜி.யையும் ஓவன் என்கிறோம், மைக்ரோவேவையும் ஓவன் என்கிறோம். ஓ.டி.ஜி.யை முதலில் காலியாக, 200 டிகிரிக்கு மேல் வைத்து, கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கம்பிமேல் பூசியிருக்கும் எண்ணெய் எரிந்து நாற்றமும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்து வீட்டு மதினி இதைச் சொன்னார் என்று மைக்ரோவேவையும் காலியாக ஓட்டினால் கெட்டது. உள்ளே அலையை வாங்கிக்கொள்ள உணவோ தண்ணீரோ இல்லாதபோது அது திரும்பிப் போய், அலையை உண்டாக்கும் மேக்னட்ரானையே சுட்டுவிடும், தீப்பொறியும் பறக்கலாம். எவர்சில்வர் கிண்ணமும் ஓட்டோடு முட்டையும் மைக்ரோவேவுக்குள் போகக் கூடாது. முட்டை வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்த பிறகு கையிலேயே வெடிக்கும். ஓ.டி.ஜி. பத்து நிமிடம் ஓடியதும் நடுவில் ஒருமுறை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தப் பாயிண்டில் இனி ஓவனைச் சொருகாதீர்கள்.

நம் மலையடிவாரத்துக்கென்றே இருக்கும் ஆபத்துக்கு வருகிறேன். சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்குகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், ஓ.டி.ஜி.யின் வெப்பம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். வீடியோவில் 35 நிமிடம் என்று சொன்ன கேக் வேகவில்லையே என்று டைமரைத் திருகி 'ஆன்' நிலையில் நிறுத்திவிடுகிறோம். அந்த நிலையில் டைமர் தானாக அணைக்காது. அப்போது மழைக் காற்றுக்குக் கரண்டு போகிறது. அரை மணி பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆளில்லாத வீட்டில் கரண்டு திரும்பி வருகிறது. ஓவன் தானே எரியத் தொடங்குகிறது. கரண்டு போன நொடியில் சுவிட்சை அணையுங்கள், பிளக்கையும் உருவுங்கள். ஓவன் ஓடும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அப்பத்தா தூங்கிக்கொண்டிருப்பது கணக்கில் சேராது. வோல்டேஜ் தினமும் இறங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள்.

இலவம் பஞ்சு! இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் செய்வது துரோகம். வருசநாட்டுப் பக்கம் இலவங்காய் உடைக்கும் காலத்தில் பஞ்சு மூட்டை இல்லாத வீடு குறைவு. காற்றடைத்த, மெழுகு படிந்த அந்த இழை ஒரு பொறி பட்டால் போதும், மூட்டை முழுக்கத் தீ ஓடிவிடும். தாழ்வாரத்தில் பஞ்சு, அதன் சுவரை ஒட்டி அடுப்பங்கரை என்றால் ஓவனை அங்கே வைக்காதீர்கள். அல்லது மூட்டையை வேறு கட்டிடத்துக்கு மாற்றுங்கள். ஓவனைச் சுற்றிலும் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். மேலே துணி விரிப்பதும் செய்தித்தாள் அடுக்குவதும் கூடாது. விறகடுப்புக்குப் பக்கத்திலோ கேஸ் அடுப்போடு ஒட்டியோ வைப்பதும் கூடாது.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, காற்றுப் பட்டால் தீ வளரும். தண்ணீரும் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தீ வெளியே வந்தால் எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழையுங்கள். சூடான தட்டை ஈரத்துணியால் பிடித்தால் அந்த ஈரமே ஆவியாகிக் கையைச் சுடும், காய்ந்த தடித்த கையுறை வேண்டும். கை சுட்டுவிட்டால் இட்லி மாவு, பற்பசை, இங்க் எதையும் பூசாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் கட்டி வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். குழந்தைக்குச் சுட்டாலும், முகத்திலோ மூட்டிலோ சுட்டாலும், கரண்டு அடித்திருந்தாலும் காயம் சின்னதாகத் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வருசநாட்டிலிருந்து அது தூரம். அதனால் புறப்படுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.