கரியின் கூலியும் காற்றின் வட்டியும்

ஒடிஷாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி, ரயிலேறிப் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, கப்பலில் வங்கக் கடலைக் கடந்து, தூத்துக்குடியில் இறங்கி, மாவாக அரைபட்டு, உலையில் எரிந்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் விசையால் டர்பைனைச் சுழற்றிய பிறகுதான் நம் வீட்டு விளக்கு எரிகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி வேண்டும். அந்தக் கரியில் அடங்கியுள்ள வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. மற்றதெல்லாம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. 1,050 மெகாவாட் திறனுள்ள தூத்துக்குடி அனல் மின் நிலையம் முழு அளவில் ஒரு நாள் ஓட வேண்டுமானால் 17,000 டன்னுக்கு மேல் கரி தேவை. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் இருப்பது சகஜமாதலால், எரியாத அந்தப் பங்குக்கும் ரயில் கூலியும் கப்பல் கூலியும் கொடுத்தே வருகிறோம். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கோ பக்கத்தில் கடலும் கிடையாது. துறைமுகத்தில் இறங்கிய கரி அங்கே போய்ச் சேர மறுபடியும் ரயிலேற வேண்டும்.

காற்றின் தூய்மையையும் பூமியின் வெப்பத்தையும் பற்றிய வாதங்கள் மிகவும் முக்கியமானவை. எனினும் அவற்றை ஒரு புறம் வைத்துவிட்டு, வீட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல் வரவையும் செலவையும் மாத்திரம் எழுதிப் பார்த்தாலும், புதிதாக ஓர் அனல் நிலையம் கட்டுவதற்கு நியாயம் சொல்வது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டே வருகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அனல் நிலையத்தைக் கட்டி முடித்த பின்பும், அது உயிரோடிருக்கும் முப்பது நாற்பது வருஷமும் நாள்தோறும் கரி வாங்கியாக வேண்டும். அந்தக் கரி என்ன விலை விற்கும் என்பதோ நம் கையில் இல்லை. 2022இல் உக்ரைன் யுத்தத்தை ஒட்டி, ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் கரி டன்னுக்கு 400 டாலரையும் தாண்டியபோது, அந்த யுத்தத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத தேசங்களெல்லாம் அதற்கு விலை கொடுத்தன. சூரியனுக்கும் காற்றுக்கும் இப்படிப்பட்ட தினச் செலவு இல்லை. ஏறக்குறைய எல்லாச் செலவும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பின் மிஞ்சுவது சொற்பமான பராமரிப்பும், மூலதனத்துக்காக வாங்கிய கடனும்தான்.

ஆகையால் சூரிய மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் வட்டியின் விலையே. ஒரு மெகாவாட் நிலையம் அமைக்க 4 கோடி ரூபாய் என்றும், அதிலிருந்து வருஷத்துக்கு 16 லட்சம் யூனிட் கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் 10 சதவீத வட்டிக் கடன் என்றால், முதல் வருஷத்தில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 50 காசு வட்டிக்கே போய்விடும்; 7 சதவீதம் என்றால் 1 ரூபாய் 75 காசு. வெயிலும் அதே வெயில், தகடும் அதே தகடு. வங்கியின் விகிதம் ஒன்றே 75 காசு வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது. மின்சாரத்தை மலிவாக்க விரும்பும் எந்த சர்க்காரும் சுரங்கத்தைத் தேடுவதற்கு முன்பு குறைந்த வட்டியில் நெடுங்காலக் கடன் கிடைக்க வழி தேடுவது விவேகம்.

தகடுகளின் விலை சரிந்த கதை இதைவிடப் பெரிது. இதுவரை உலகில் செய்யப்பட்ட தகடுகளின் மொத்தத் தொகை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்குவது பல பத்தாண்டுகளாகக் கண்ட அனுபவம். கரியின் சுபாவமோ நேர்மாறானது. மேலாக இருப்பதை முதலில் வெட்டிவிடுவதால், போகப் போக ஆழமும் தூரமும் கூலியும் அதிகரிக்கின்றன. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழும்பியபோது அதன் மின்சாரத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. மறு வருஷமே தமிழ்நாட்டில் நடந்த ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. ராஜஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. நீண்டகால ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால் எவ்வளவு நஷ்டம் நேரும் என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.

சூரியன் அஸ்தமித்த பின் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. மறுமொழிக்கும் பணம் செலவாகும். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில், தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்கிறது. ஏற்றும்போது செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வருவதில்லை. அந்த இழப்பையும், அணையின் செலவையும், பாட்டரியில் சேமித்தால் அதன் விலையையும் சூரிய மின்சாரத்தின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். சேர்க்காமல் பகல் விலையை மாத்திரம் காட்டி வாதிடுவோர் தம் கட்சிக்கே தீங்கு செய்கிறார்கள்.

பழைய அனல் நிலையங்களை இன்றே இடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப்படி, அவை ஓடாமல் நின்றாலும் நிலைக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சுமை ஜனங்களின் தலையில்தான் விழும். காற்றும் வெயிலும் உள்ள நேரங்களில் அவற்றைக் குறைவாக ஓட்டிக் கரியை மிச்சப்படுத்துவதும், புதியவற்றைக் கட்டாதிருப்பதும் போதும்.

கைக்கெட்டிய ஆதாயம் ஒன்று தென்கோடியில் காத்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று இந்தியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. முப்பந்தலைச் சுற்றிய அந்த நிலங்களில், 1990களில் நூற்பாலைக்காரர்களும் பிறரும் வருமான வரிச் சலுகையை உத்தேசித்து நட்ட 250 கிலோவாட் போன்ற சிறிய யந்திரங்கள், குட்டையான கோபுரங்களில், இன்னும் சுழன்றுகொண்டிருக்கின்றன. இப்போது செய்யப்படும் ஒரு யந்திரம் அவற்றில் பத்துக்குச் சமமான திறனுடையது. உயரத்தில் நிற்பதால் நிதானமான காற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு பெரிய யந்திரம் நிற்க வேண்டிய பரப்பில் பழைய யந்திரங்கள் பலருக்குச் சொந்தமாக இருக்கின்றன. அத்தனை பேரும் கூடிப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும், கம்பித்தடங்களை வலுப்படுத்த வேண்டும், வங்கி கடன் தர வேண்டும். இவை தீரும் வரை, நாட்டின் மிகச் சிறந்த காற்றில் ஒரு பகுதியை மிகப் பழைய யந்திரங்களே பிடித்துக்கொண்டிருக்கும்.